தங்கள் டீமுக்கு அப்ரண்டிஸ் வந்திருக்கும் ஹெல்ப் டெஸ்க் மூத்த டெக்னீஷியன்களுக்கு



ஐ.டி.ஐ.யில் கோபா (கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரிவு) முடித்த பிள்ளை, பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்த பிள்ளை, பி.சி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடி அலைந்த பிள்ளை என்று இந்த ஆண்டும் உங்கள் டீமுக்கு அப்ரண்டிஸ்கள் வந்திருப்பார்கள். எச்.ஆர்.-இலிருந்து இரண்டு வரி மெயில் வந்திருக்கும்: இவர் ஒரு வருடம் உங்களோடு இருப்பார், வேலை பழக்குங்கள். என்ன பழக்குவது, எந்த வரிசையில், அதற்கு உங்கள் ஷிஃப்டில் எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்று அந்த மெயிலில் ஒன்றும் இருந்திருக்காது. உங்கள் கியூவில் நிற்கும் டிக்கெட்டும் அந்தப் பிள்ளை வந்ததற்காக ஒன்றுகூடக் குறைந்திருக்காது.

சப்போர்ட் வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். மேலாளர்களுக்கு எழுதலாம்தான். ஆனால் அப்ரண்டிஸ் தொழில் கற்றுக்கொள்வதும் கற்றுக்கொள்ளாமல் போவதும் பக்கத்து சீட்டில் ஹெட்செட் மாட்டிக்கொண்டிருக்கும் உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தப் பிள்ளையின் டிக்கெட்டை எண்ணாதீர்கள். அழைப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

எண்ணாதீர்கள் என்று நான் சொல்வதற்குச் சட்டத்திலேயே ஓர் ஆதாரம் உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்று நேராகவே சொல்கிறது. துண்டுக்கணக்கில் அவருக்குக் காசு தரக் கூடாது, உற்பத்தி போனஸ் மாதிரியான ஊக்கத் திட்டங்களில் சேரச் சொல்லக் கூடாது என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. தறியையும் லேத்தையும் மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. ஹெல்ப் டெஸ்க் என்ற ஒன்றை அதை எழுதியவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் எண்ணிக்கைக்கு ஓட வைத்தால் பழகுபவன் பழக மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று எத்தனை டீம்களில் அப்ரண்டிஸின் பெயரையும் டேஷ்போர்டில் ஏற்றி, ஒரு நாளைக்கு இத்தனை டிக்கெட் மூட வேண்டும் என்று வைத்திருக்கிறோம்? நேரடியாகக் காசுக்கணக்கு இல்லைதான். ஆனால் அந்தப் பிள்ளையின் மனதில் ஏறும் பாடம் ஒன்றே: சீக்கிரம் மூடு.

சீக்கிரம் மூடுவது எப்படித் தவறாகப் போகிறது என்பதற்கு உங்களுக்கெல்லாம் பழக்கமான ஒரு கேஸையே எடுத்துக்கொள்வோம். அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஓர் அம்மா காலையில் கூப்பிடுகிறார்: "தம்பி, லாகின் ஆகல, அக்கவுண்ட் லாக்குன்னு வருது." அப்ரண்டிஸ் ஆக்டிவ் டைரக்டரியைத் திறந்து அன்லாக் செய்கிறான். டிக்கெட் மூடியாகிவிட்டது. மதியம் அதே அம்மா, அதே குறை, மறுபடி அன்லாக், மறுபடி மூடல். மறுநாள் காலையிலும் அப்படியே. டேஷ்போர்டில் அந்தப் பிள்ளைக்கு மூன்று டிக்கெட் ஏறியிருக்கிறது, மூன்றும் சில நிமிடங்களில் முடிந்தவை. பார்க்கிறவருக்குக் கெட்டிக்காரப் பையன் என்றுதான் தோன்றும்.

பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் இரண்டாவது அழைப்பிலேயே ஒரு கேள்வி கேட்டிருப்பீர்கள்: "லாக் ஆவது எங்கிருந்துன்னு பாத்தியா?" டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் 4740 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடச் சொல்லியிருப்பீர்கள். அக்கவுண்ட் லாக் ஆகும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவு விழும். தவறான முயற்சி எந்த மெஷினிலிருந்து வந்தது என்ற பெயரும் அதில் இருக்கும். பார்த்தால் அந்த அம்மாவின் டெஸ்க்டாப் பெயர் இல்லை, மெயில் சர்வரின் பெயர் இருக்கிறது. அப்போது கேட்க வேண்டிய அடுத்த கேள்வி தானாக வரும்: "மேடம், போன்ல ஆபீஸ் மெயில் வச்சிருக்கீங்களா? சமீபத்துல பாஸ்வேர்டு மாத்தினீங்களா?" மாற்றியிருக்கிறார். போனில் பழைய பாஸ்வேர்டு அப்படியே கிடக்கிறது. கைப்பையில் இருக்கும் அந்த போன் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பழைய பாஸ்வேர்டோடு சர்வரைத் தட்டிக்கொண்டே இருக்க, மூன்றாம் தட்டிலோ ஐந்தாம் தட்டிலோ கதவு பூட்டிக்கொள்கிறது. போனில் புதிய பாஸ்வேர்டைப் போட்ட பிறகு அந்த அம்மா இதற்காக மறுபடி கூப்பிடப் போவதில்லை.

மூன்று டிக்கெட் மூடியதைவிட இந்த ஒன்றில் அந்தப் பிள்ளை கற்றது அதிகம். செக்யூரிட்டி லாகை எங்கே பார்ப்பது, எண்ணை எப்படித் தேடுவது, கிடைத்த பெயரிலிருந்து எதை ஊகிப்பது, ஊகத்தை எந்தக் கேள்வியால் சோதிப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பத் திரும்ப வரும் குறைக்கு அடியில் ஒரு காரணம் உட்கார்ந்திருக்கும் என்ற எண்ணம். 1980களின் பிற்பகுதியில் பிரிட்டன் அரசின் கம்ப்யூட்டர் முகமை தொகுக்கத் தொடங்கிய ஐட்டில் (ITIL) முறை, அன்றாடத் தடங்கலை இன்சிடென்ட் என்றும் அடியிலிருக்கும் காரணத்தை பிராப்ளம் என்றும் பிரிக்கிறது. ஸ்லைடில் காட்டினால் இது யாருக்கும் ஏறாது. அக்கவுண்ட்ஸ் அம்மாவின் போனில் காட்டினால் ஆயுளுக்கும் மறக்காது.

இன்னொன்று. பில் கவுண்டரில் இருக்கும் பழைய டெஸ்க்டாப். டொமைனில் சேர்க்காத தனி மெஷின். தினமும் கடை சாத்தும்போது சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடுவார்கள். காலையில் "நெட் வரல" என்று போன். பிள்ளை போய்ப் பார்க்கிறான். கேபிள் சரி, ஐ.பி. முகவரி சரியாக வந்திருக்கிறது, பிங் போகிறது. ஆனால் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பற்றது என்று பிரவுசர் மறுக்கிறது. பிரவுசரை அழித்து மறுபடி போடுகிறான், ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்க்கிறான், அரை நாள் போய்விடுகிறது. திரையின் வலது மூலையில் தேதி பல வருடம் பின்னால் நிற்கிறது. மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பொத்தான் பேட்டரி தீர்ந்து போயிருக்கிறது. கரண்ட் போனதும் கடிகாரம் நினைவை இழக்கிறது. அந்தப் பழைய தேதியை வைத்துப் பார்த்தால் இன்றைய வெப்சைட்டின் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை, அதனால் பிரவுசர் நம்ப மறுக்கிறது. 3 வோல்ட் பேட்டரி ஒன்று. ஸ்க்ரூ டிரைவர் பிடித்து கேபினெட்டைத் திறந்து, மல்டிமீட்டரை வைத்து அளந்து, அந்தப் பிள்ளையே மாற்றட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். கடிகாரத்துக்கும் சான்றிதழுக்கும் என்ன சம்பந்தம் என்று வகுப்பில் யாரும் அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம் டீம்களில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. மெக்கானிக் ஷெட்டில் வருடக்கணக்கில் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்துக்கொண்டே நிற்கும் பையன் மாதிரி, நம் அப்ரண்டிஸ் மவுஸ் மாற்றுகிறான், டோனர் சுமக்கிறான், ஸ்டோர் ரூமில் பழைய மானிட்டரை எண்ணுகிறான், அசெட் ஸ்டிக்கர் ஒட்டுகிறான். அதுவும் வேலைதான், அதை இழிவாகச் சொல்ல மாட்டேன். அசெட் பட்டியல் ஒழுங்காக இல்லாத ஆபீஸில் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய 2025 அக்டோபர் 14க்குள் எந்தெந்த மெஷினை மாற்ற வேண்டும் என்றே தெரியாமல் திணறினார்கள். ஆனால் அந்த ஸ்டிக்கர் ஒட்டும் வேலையே பன்னிரண்டு மாதமும் என்றால், சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே போகும் பிள்ளையிடம் அடுத்த இன்டர்வியூவில் "ஐ.பி. 169.254 என்று ஆரம்பித்தால் என்ன அர்த்தம்?" என்று கேட்பார்கள். டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காமல் மெஷின் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்ற பதில் அந்தப் பிள்ளைக்கு வர வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ குடிக்கும் நேரம்.

காசு விஷயத்தையும் மறைக்காமல் பேசிவிடுவோம். 2019இல் திருத்திய விதிகளின்படி குறைந்தபட்ச உதவித்தொகை ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் குழுமம் இதை 36 விழுக்காடு உயர்த்தப் பரிந்துரைத்தது. எப்படிப் பார்த்தாலும் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ பி.ஜி.யில் தங்கி, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த பிறகு வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாத தொகை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று விதி இருப்பதாலும், உதவித்தொகையில் ஒரு பகுதியை அரசு ஏற்பதாலும், மலிவான கை கிடைத்தது என்று நினைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தக் குறைந்த தொகைக்கு ஈடாகப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது பயிற்சி. அதைக் கொடுக்காமல் தொகையை மட்டும் கொடுத்தால், அந்தப் பிள்ளையின் ஒரு வருடத்தை நாம் எடுத்துக்கொண்டோம் என்றுதான் அர்த்தம். உங்கள் சம்பளத்தையோ அவர் தொகையையோ முடிவு செய்வது நீங்கள் இல்லை, எனக்குத் தெரியும். பயிற்சி உங்கள் கையில் இருக்கிறது.

பயிற்சியில் நாம் அதிகம் கோட்டை விடுவது போனில். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைக்கு சர்வர் பயமில்லை, ஹெட்செட்தான் பயம். அந்தப் பக்கம் பெங்களூரிலிருந்து ஒருவர் இங்கிலீஷில் படபடவென்று கொட்டுவார். பிள்ளை "எஸ் சார், எஸ் சார்" என்று சொல்லிவிட்டு உங்களைப் பார்ப்பான். உடனே நீங்கள் ஹெட்செட்டை வாங்கி முடித்துக்கொடுத்துவிடுவீர்கள். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள். ஆனால் அந்த நொடியில் ஹெட்செட்டை வாங்காமல் இருப்பதுதான் நான் உங்களிடம் கேட்கும் கடினமான காரியம். இரண்டு ஹெட்செட்டையும் ஒரே லைனில் போடுங்கள். முதல் சில வாரம் நீங்கள் பேசுங்கள், பிள்ளை கேட்டு எழுதட்டும். பிறகு பிள்ளை பேசட்டும், நீங்கள் கேட்டு எழுதுங்கள். தேவைப்பட்டால் ஒரு துண்டுச்சீட்டில் அடுத்த கேள்வியை எழுதி நகர்த்துங்கள். சரளமான இங்கிலீஷ் வேண்டாம். "எப்போதிலிருந்து? உங்களுக்கு மட்டுமா, பக்கத்தில் இருப்பவருக்கும் இதேதானா? கடைசியாக என்ன மாற்றினீர்கள்? திரையில் என்ன எழுதியிருக்கிறது, அப்படியே படியுங்கள்." இந்த நான்கு கேள்வியும் வாயில் பழகிவிட்டால் எந்த மொழியிலும் அழைப்பை எடுக்கலாம்.

"நெட் வரல" என்று ஒருவர் சொல்வதற்குள் எத்தனை வேறு வேறு குறை ஒளிந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வைஃபை இல்லை, வி.பி.என். இல்லை, ஒரு சைட் மட்டும் இல்லை, எல்லாம் இருக்கிறது ஆனால் மெதுவாக இருக்கிறது, எக்ஸெல் ஷேர் டிரைவில் திறக்கவில்லை. கூப்பிடுகிறவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்கிறார். அவரைத் திருத்தாமல், சலித்துக்கொள்ளாமல், அவர் சொல்வதிலிருந்து குறையைப் பிரித்தெடுப்பது பொறுமையால் வருவது. அதைப் பிள்ளை உங்கள் குரலிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மியூட் போட்டுவிட்டு நீங்கள் அந்தப் பயனாளரைப் பற்றிச் சொல்லும் ஒரு வார்த்தையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

எழுத்து அடுத்தது. டிக்கெட்டில் "டன்" என்று ஒரே வார்த்தையில் மூடும் பழக்கத்தைப் பிள்ளை நம்மிடமிருந்துதான் பிடித்துக்கொள்கிறது. காம்ப்டியா ஏ பிளஸ் சான்றிதழ்ப் பாடம் சொல்லித்தரும், குறை தீர்ப்பதற்கான ஆறு படிகளில் கடைசிப் படியே செய்ததை எழுதிவைப்பது. அதை நாம் தாண்டிக்கொண்டு போகிறோம். நல்ல குறிப்பு எப்படி இருக்கும்? "மூன்றாம் மாடி பிரிண்டர். மற்றவர்களுக்கு பிரிண்ட் வருகிறது. இவர் கியூவில் நேற்றைய பி.டி.எஃப். ஒன்று சிக்கியிருந்தது. ஸ்பூலரை நிறுத்தி, அந்த ஃபைலை நீக்கி, மறுபடி ஓடவிட்டேன். டெஸ்ட் பேஜ் வந்ததை அவரே பார்த்தார்." அவ்வளவுதான். எளிய இங்கிலீஷில் ஐந்து வரி. ஜெர்மனியில் 1997 முதல் ஐ.டி. தொழிலுக்கு மூன்று ஆண்டு அப்ரண்டிஸ் முறை இருக்கிறது. அங்கே பழகுநர் ஒவ்வொருவரும் பயிற்சிக் குறிப்பேடு எழுத வேண்டும், பயிற்றுநர் கையெழுத்திட வேண்டும், அது இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. நம் சட்டத்திலும் ஒவ்வொரு அப்ரண்டிஸின் பயிற்சி முன்னேற்றத்துக்கும் நிறுவனம் பதிவு வைக்க வேண்டும் என்று இருக்கிறது. நாம் அதை வருட முடிவில் ஒரே நாளில் உட்கார்ந்து நிரப்புகிறோம். வெள்ளிக்கிழமை மாலை ஒரு அரை மணி நேரம், அந்த வாரம் பிள்ளை எழுதிய குறிப்புகளைச் சேர்ந்து படியுங்கள். எங்கே யோசனை நின்றுபோனது என்று அந்த எழுத்தே காட்டிவிடும்.

பாஸ்வேர்டு ரீசெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் விளையாட்டே கிடையாது. ஹெல்ப் டெஸ்க்கில் மிக எளிய வேலை என்று முதல் நாளே அப்ரண்டிஸிடம் கொடுப்பது இதைத்தான். ஆனால் 2023 செப்டம்பரில் லாஸ் வேகஸின் எம்.ஜி.எம். ரிசார்ட்ஸ் நிறுவனத்தின் ஹோட்டல்களில் அறைச் சாவி முதல் சூதாட்ட மெஷின்வரை முடங்கின. ஊழியர் போல நடித்து ஹெல்ப் டெஸ்க்குக்கு போன் செய்து உள்ளே நுழைந்தார்கள் என்று அப்போது பரவலாகச் செய்தி வந்தது. சுமார் 10 கோடி டாலர் பாதிப்பு என்று அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. ஃபயர்வாலை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை, போனில் இருப்பவர் இளகினால் போதும்.

இப்போது நம் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். இருபது வயது. பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வீட்டிலும் பள்ளியிலும் வளர்த்திருக்கிறோம். போனில் ஒரு கனத்த குரல்: "நான் ஜி.எம். பேசறேன், ஏர்போர்ட்ல இருக்கேன், போன் தொலஞ்சிடுச்சு, உடனே ரீசெட் பண்ணு. யார் நீ, பேர் என்ன?" அந்தப் பிள்ளை எப்படி மறுக்கும்? மறுக்கப் பழக்க வேண்டியது நீங்கள். "சார், பதிவில் இருக்கிற நம்பருக்கு நானே திரும்பக் கூப்பிடறேன்" என்ற வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள். நீங்களே வேறு அறையிலிருந்து ஜி.எம். மாதிரிக் கத்தி அந்தப் பிள்ளையைச் சோதியுங்கள். உண்மையான ஜி.எம். ஒருநாள் கோபப்பட்டு எஸ்கலேஷன் மெயில் போட்டால், அந்த மெயிலுக்குப் பதில் நீங்கள் எழுதுங்கள்: நடைமுறைப்படிதான் செய்தார் என்று. ஒருமுறை நீங்கள் அந்தப் பிள்ளையைக் கைவிட்டால், அடுத்த கனத்த குரலுக்கு ரீசெட் தானாகப் போய்விடும். பாதுகாப்புப் பயிற்சிக்கு எத்தனை வீடியோ காட்டினாலும் இந்த ஒரு மெயிலுக்கு ஈடாகாது.

பெண் பிள்ளைகளை டெஸ்க்கிலேயே உட்கார வைத்து, கேபிளிங், சர்வர் ரூம், ரேக் வேலைக்கெல்லாம் பையன்களை மட்டும் கூட்டிப்போகும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. இதற்கு ஒரு நியாயமும் இல்லை. அந்தப் பெண்ணும் அதே ஒப்பந்தத்தில்தான் வந்திருக்கிறார். பேட்ச் பேனலில் கை வைக்காத டெக்னீஷியனை நெட்வொர்க் டீம் எடுக்காது. கூட்டிக்கொண்டு போங்கள்.

பாஸ்வேர்டு ரீசெட்டையெல்லாம் இனி மெஷினே பார்த்துக்கொள்ளுமே, இந்தப் பிள்ளைகளுக்கு எதிர்காலம் உண்டா என்று நீங்களே கவலைப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். செல்ஃப் சர்வீஸ் போர்ட்டலும் சாட்பாட்டும் எளிய டிக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு வருகின்றன, உண்மைதான். மிச்சம் வந்து சேர்வது எது? அக்கவுண்ட்ஸ் அம்மாவின் போன், பில் கவுண்டரின் கடிகாரம், கோபத்தில் இருக்கும் ஜி.எம். முன்பு எளிய டிக்கெட்டுகளில் கை பழகிக் கடினமானதற்கு மெல்ல ஏறலாம். அந்தப் படிக்கட்டு இப்போது தேய்கிறது. அதனால்தான் பக்கத்தில் உட்காரும் ஆள் முன்பைவிட அதிகம் தேவைப்படுகிறார். கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளைப் பள்ளி, பாலிடெக்னிக் முடித்ததும் எடுத்து, உதவித்தொகை கொடுத்து வேலையிலேயே பழக்கும் முறையை மென்பொருள் நிறுவனமான ஸோஹோ சென்னையில் 20 ஆண்டுக்கும் மேலாக நடத்திவருகிறது. அந்த ஸோஹோவின் சர்வீஸ்டெஸ்க் பிளஸ், 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் என்று உலகமெங்கும் டிக்கெட் போடும் மென்பொருள்களில் இரண்டு நம் ஊரில் பிறந்தவை. டிக்கெட் போடும் கருவியை உலகத்துக்குக் கொடுத்த ஊரில், டிக்கெட்டைத் தீர்க்கத் தெரிந்த பிள்ளைகளை வளர்ப்பது நம்மால் முடியாத காரியமா?

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். பிள்ளையின் ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகியிருக்கிறதா என்று முதல் மாதமே எச்.ஆர்.-இடம் கேட்டுவிடுங்கள். பதிவில்லாமல் ஓடிய வருடத்துக்குச் சான்றிதழ் கிடைக்காது. கோபா போன்ற பிரிவில் வந்தவர் அகில இந்தியத் தேர்வு எழுதித்தான் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் அவரை நைட் ஷிஃப்டில் போடாதீர்கள். டிப்ளமோ, டிகிரி முடித்து வந்தவர்களின் சான்றிதழ் தரமணியில் இருக்கும் தென் மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாக வரும். அதற்கான பதிவுகளை உங்கள் தரப்பிலிருந்து நேரத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மேலாளர் ஓவர்டைம் கேட்டால், அப்ரண்டிஸை அதில் சேர்க்கத் தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி வேண்டும் என்பதை அவருக்கு நீங்களே நினைவூட்டுங்கள். பிள்ளை கேட்க முடியாது.

பதினோராம் மாதம் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பயோடேட்டா எழுதுங்கள். "டிக்கெட்டுகளைக் கையாண்டேன்" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, தீர்த்த குறைகளில் நல்லதாக ஐந்தாறைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதச் சொல்லுங்கள். உங்கள் நிறுவனத்தில் எல்1 இடம் காலியாக இருந்தால் அவர் பெயரை நீங்கள் சொல்லுங்கள். வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை, அதனால் யாராவது ஒருவர் வாய் திறந்து சொன்னால்தான் நடக்கும். இடம் இல்லையென்றால், முன்பு உங்களோடு வேலை பார்த்துவிட்டு வேறு கம்பெனிகளில் இருக்கும் நண்பர்களுக்கு இரண்டு போன் போடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஹெட்செட் மாட்டிய ஒருவன்